முடிவை மாற்றமாட்டேன்!

அறம் வெல்லும், மறம் வீழும். பாட்டி சொன்ன கதை முதல் பள்ளிப் பாடநூல் வரை, இளம் உள்ளங்களிலே நாம் ஓயாது ஊற்றி வருவது இந்த ஒரே மருந்துதான். கெட்டவன் கெடுவான், நல்லவன் நலம் பெறுவான், கடைசி ஏட்டிலே கலியாணம் நடக்கும், கண்ணீர் துடைக்கப்படும், சுபம்! கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை பதினைந்து வயதிலே வீதிக்கு வருகிறான். வந்தவன் என்ன காண்கிறான்? வாய்மை வரிசையிலே நிற்கிறது. வஞ்சகம் வண்டியிலே போகிறது. ஏரோட்டியவன் ஏங்குகிறான், ஏய்த்தவன் ஏப்பம் விடுகிறான். அந்தப் பிள்ளை திரும்பி நம்மைப் பார்த்து, “ஐயா, இத்தனை நாளும் எனக்குச் சொன்னீர்களே, அது என்ன?” என்று கேட்டால், என்ன விடை வைத்திருக்கிறோம் தோழர்களே?

பெரியவர்களுக்காக எழுதுபவனை இந்தக் கேள்வி அவ்வளவு உறுத்தாது. படிப்பவர் உலகம் அறிந்தவர். பொய்யென்றால் புத்தகத்தை மூடி வைப்பார். குழந்தைகளுக்கு எழுதுபவனையும் நாம் மன்னித்துவிடலாம். நிலாவிலே பாட்டி வடை சுடுகிறாள் என்றால் யாரும் வழக்குத் தொடுக்கமாட்டார்கள். இடையிலே நிற்கிறானே ஒருவன், பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவே நிற்கும் இளையோருக்கென எழுதுபவன், அவன் பாடுதான் பெரும்பாடு. அவனை நோக்கித்தான் பெற்றோரும் ஆசிரியரும் பதிப்பாளரும் ஒருங்கே கேட்கின்றனர்: “உண்மையை இவ்வளவு உரக்கச் சொல்லவேண்டுமா?” என்று. இளைஞன் மட்டும் மெல்லக் கேட்கிறான்: “நீயாவது சொல்லமாட்டாயா?” என்று.

இந்த இரு குரல்களுக்கும் இடையிலே அகப்பட்டவர் ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துப் பார்ப்போம். ஏட்டளவில் அறம் பேசுவது எளிது. உலை வைத்துக்கொண்டு அறம் பேசியவர் எவர் என்று பார்ப்பதுதான் முறை.

அமெரிக்காவிலே, மாசசூசெட்சு மாநிலத்திலே, லெமின்ஸ்டர் என்று ஒரு தொழிற்சாலை நகரம். சீப்பு செய்யும் ஆலைகளுக்குப் பேர் போன ஊர். அங்கே 1925ஆம் ஆண்டிலே பிறந்தவர் ராபர்ட் கார்மியர். கனடாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பிரெஞ்சு மொழிக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. வீட்டிலே எட்டுப் பிள்ளைகள். தகப்பனார் ஆலைத் தொழிலாளி. வானொலி நிலையமொன்றிலே விளம்பர வாசகம் எழுதிப் பிழைப்பைத் தொடங்கினார், பின்னர் செய்தியாளரானார். பக்கத்து ஊரான ஃபிட்ச்பர்க்கிலே வெளிவந்த நாளேட்டில் 1955 முதல் 1978 வரை பணி. பகலெல்லாம் தீ விபத்தும் நகராட்சித் தீர்மானமும், மாதச் சம்பளம், மனைவி, நான்கு மக்கள். செய்தி வேலை போக எஞ்சிய பொழுதிலேதான் கதை. இப்படித்தான் பிறந்தன அவருடைய முதல் புதினங்கள். உலகம் அவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறந்த ஊரை விட்டு அவர் போகவுமில்லை. கடைசி வரை அந்த வட்டாரத்திலேயே வாழ்ந்தார்.

ஒருநாள் அவருடைய மகன் பள்ளியிலிருந்து சாக்லெட்டுப் பெட்டிகளோடு வீடு திரும்பினான். பள்ளிக்குப் பணம் திரட்ட மாணவர்கள் விற்றுத்தர வேண்டுமாம். ‘எனக்கு விருப்பமில்லை’ என்றான் மகன். அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடு என்றார் தந்தை. மகன் திருப்பிக் கொடுத்தான். பள்ளியிலே எந்த விபரீதமும் நிகழவில்லை. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் செய்தியாளரின் உள்ளத்திலே ஒரு கேள்வி முளைத்துவிட்டது. ஏதேனும் நிகழ்ந்திருந்தால்? மாட்டேன் என்ற ஒரு சொல்லுக்காக ஒரு பள்ளியே அந்தப் பையன் மீது பாய்ந்திருந்தால்?

அந்தக் கேள்விதான் 1974ஆம் ஆண்டிலே ‘தி சாக்லெட் வார்’, அதாவது சாக்லெட்டுப் போர், என்னும் புதினமாக வெளிவந்தது. கதையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் வாதம் நகராது.

டிரினிட்டி என்பது துறவியர் நடத்தும் ஆண்கள் பள்ளி. தலைமை ஆசிரியர் நோயுற்றிருக்கும் சமயம் பார்த்து அதிகாரத்தைக் கையிலே எடுத்துக்கொண்ட லியான் என்ற துறவி, இருபதாயிரம் பெட்டி சாக்லெட்டை வாங்கிக் குவித்துவிடுகிறார். ஆளுக்கு ஐம்பது பெட்டி மாணவர் தலையிலே விழுகிறது. பள்ளிக்குள்ளே மாணவர்களின் மறைமுகக் கூட்டம் ஒன்று உண்டு. அதன் மூளை ஆர்ச்சி என்பவன். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை இவனிடம் பாடம் கேட்க வேண்டும்! கை ஓங்காமலே அடிப்பான், உள்ளத்திலே அடிப்பான். அந்தக் கூட்டம் ஜெர்ரி என்ற புதிய மாணவனுக்குக் கட்டளையிடுகிறது: பத்து நாளைக்கு நீ விற்க மறுக்கவேண்டும், ஆசிரியரைச் சீண்டிப் பார்க்க. மறுக்கிறான். பத்து நாளும் முடிகிறது. பதினோராம் நாள் அவனை அழைத்துக் கேட்கும்போது, அவன் வாயிலிருந்து அதே சொல் வருகிறது: மாட்டேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள் தோழர்களே. பத்து நாள் அவன் சொன்ன ‘மாட்டேன்’ பிறர் ஏவியது. பதினோராம் நாள் சொன்னது அவனுடையது. எழுத்திலே இரண்டும் ஒன்றுதான். அறத்திலே இரண்டுக்கும் இடையே ஒரு கடல் கிடக்கிறது. எவரோ ஏவ, எவரோ எழுதித் தந்த முழக்கத்தை எழுப்புகிறவர்கள் நம்மிடையேயும் இல்லாமலில்லை. ஏவியவர் நிறுத்து என்றதும் நிறுத்திவிடுகின்ற வாய் அது. பதினோராம் நாள் வந்தால்தான் தெரியும், யார் வாய் யாருக்குச் சொந்தம் என்பது.

பிறகு நடப்பது கொடுமை. முதலில் பையன்கள் சிலர் அவனை வியக்கிறார்கள். துறவியும் கூட்டமும் கைகோத்ததும் வியப்பு வெறுப்பாகிறது. சாக்லெட்டு விற்பது பள்ளிப்பற்றின் அடையாளமாக்கப்படுகிறது, விற்காதவன் துரோகியாக்கப்படுகிறான். இறுதியிலே பள்ளி மைதானத்திலே கூட்டத்தைக் கூட்டி, சீட்டு விற்று, ஜெர்ரியை ஒரு முரடனோடு மோதவிட்டு, அடித்து நொறுக்குகிறார்கள். தொலைவிலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் துறவி லியான். தாடை உடைந்து கிடக்கும் ஜெர்ரி, தன் ஒரே நண்பனுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: எதிர்க்காதே, அவர்கள் விற்கச் சொன்னதை விற்றுவிடு. கதை முடிந்தது. தீயவர் எவருக்கும் தண்டனை இல்லை. வானத்திலிருந்து எந்தக் கையும் இறங்கி வரவில்லை.

பதிப்பாளர்கள் கைப்பிரதியைப் படித்தார்கள். திருப்பி அனுப்பினார்கள். ஒருவரல்லர், பலர். எழுத்து நன்று, ஆனால் இளையோர் படிக்கும் நூலுக்கு இந்த முடிவு ஆகாது, சற்றே மாற்றினால் வெளியிடலாம் என்பது அவர்தம் பேச்சு. என்ன பெரிய மாற்றம்? கடைசி சில பக்கங்கள். ஒரு நல்ல ஆசிரியர் ஓடி வந்து தடுத்ததாக எழுதினால் போதும். ஒரு மாணவன் மனம் திருந்தியதாக எழுதினால் போதும். ஒரு மாலை வேலை!

மாற்றமாட்டேன் என்றார் கார்மியர்.

ஏன்? பிடிவாதமா? கலைஞனின் கர்வமா? நான் அப்படி எண்ணவில்லை. மைதானத்திலே ஒரு நல்லவரை நிறுத்திவிட்டால், அந்தக் கூட்டம் முழுவதும் குற்றத்திலிருந்து விடுதலை பெற்றுவிடுகிறது. நானூறு பையன்கள் வேடிக்கை பார்த்தார்களே, அவர்களுள் ஒருவன் எழுந்து நிறுத்து என்று சொல்லியிருந்தால் ஜெர்ரியின் தாடை உடைந்திராது. எவனும் எழவில்லை, ஆகவே உடைந்தது. இந்தக் காரண காரியத் தொடரை இளைஞன் கண்ணால் காணவேண்டும். தோற்றது அறமன்று, தனியே விடப்பட்ட ஒருவன். கடைசிப் பக்கத்துக் கருணை இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். எப்படியும் யாரேனும் வந்து காப்பாற்றுவார்கள், நாம் உட்கார்ந்தே இருக்கலாம் என்ற சோம்பலைச் சொல்லிக் கொடுத்துவிடும். அவதாரத்துக்குக் காத்திருக்கும் அதே சோம்பல்தானே அது!

இங்கே ஒரு சொல் இடையிட்டுச் சொல்லவேண்டும். துறவியைக் கொடியவராகத் தீட்டியவர் என்பதால் கார்மியரை நம் வரிசையிலே சேர்த்துக் கைதட்ட எவரும் விரைய வேண்டாம். அவர் கத்தோலிக்க நெறியிலே பிறந்து அதிலேயே நின்றவர், நம்பிக்கையுடையவர். தம் வீட்டு விளக்கிலே படிந்த கரியைத் தாமே துடைக்க முயன்றார் என்பதே உண்மை. அது எளிதான வேலையன்று. அடுத்த வீட்டுக் கரியைச் சுட்டிக்காட்டுவதைவிட அரியது.

சரி, அவர் மாற்றமாட்டேன் என்றார், வென்றார். 1974இல் ஒரு பதிப்பகம் முடிவைத் தொடாமல் ஏற்றது. நூல் பெயர் பெற்றது. கொள்கை வீரர் வாழ்க என்று முடித்துவிடலாமா? முடியாது. ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நம் எழுத்தாளர்கள் பலர் கேட்கத் தயங்கும் கேள்வி. அவரால் ஏன் மறுக்க முடிந்தது?

அவருக்கு நாளேட்டிலே சம்பளம் இருந்தது. கைப்பிரதி திரும்பி வந்த வாரத்திலும் வீட்டிலே அடுப்பு எரிந்தது. புத்தகம் விற்றால்தான் அரிசி என்ற நிலையிலே அவர் இருந்திருந்தால்? நூறாண்டுக்கு முன்னர் அதே மாசசூசெட்சிலே அப்படி ஒருவர் இருந்தார். லூயிசா மே ஆல்காட். தந்தை பெரிய தத்துவஞானி, பள்ளியிலே ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்துக்கொண்டதற்காகப் பள்ளியையே இழந்தவர், உயர்ந்த மனிதர், ஆனால் காசு கொண்டுவரத் தெரியாதவர். மகள் தையல் தைத்தார், பாடம் சொல்லிக் கொடுத்தார், வீட்டு வேலை செய்தார், உள்நாட்டுப் போரிலே தாதியாகப் பணியாற்றி நோயோடு திரும்பினார். வயிற்றுக்காக, புனைபெயரிலே, கொலையும் பழிவாங்கலும் நிறைந்த பரபரப்புக் கதைகளை எழுதித் தள்ளினார். பெண் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதித் தாருங்கள் என்று பதிப்பாளர் கேட்டபோது, விருப்பமில்லாமல்தான் உட்கார்ந்தார். 1868இலே வெளிவந்த அந்த ‘லிட்டில் விமன்’தான் குடும்பத்தின் கடனைத் தீர்த்தது. மொத்தத் தொகையாக விற்றுவிடாமல் உரிமையைக் கையிலே வைத்துக்கொண்டதால் பிழைத்தார். எழுதி எழுதி வலக்கை மரத்தபோது இடக்கையால் எழுதப் பழகினார் என்றால், அந்த உழைப்பை எண்ணிப் பாருங்கள்!

அவருக்கும் முடிவுச் சிக்கல் வந்தது. கதைத் தலைவி ஜோவை லாரி என்ற பணக்கார இளைஞனுக்கு மணமுடித்து வைக்குமாறு வாசகச் சிறுமியர் கடிதம் மேல் கடிதம் எழுதினர். ஜோ தன்னைப் போலவே எழுத்தாளராக, மணமாகாதவளாக இருக்கட்டும் என்பது ஆல்காட்டின் எண்ணம். சந்தை விடவில்லை. 1869இல் வந்த இரண்டாம் பாகத்திலே லாரியை மறுத்தார். ஆனால் ஒரு நடுவயதுப் பேராசிரியருக்கு ஜோவை மணமுடித்து வைத்தார். பாதி மறுப்பு, பாதி இணக்கம். இளையோருக்கு நீதிக் கூழ் காய்ச்சி ஊற்றி அலுத்துப் போயிற்று என்று பிற்காலத்திலே அவரே குறித்து வைத்திருக்கிறார். கன்கார்டு ஊரிலே 1879இல் பள்ளிக் குழுத் தேர்தலுக்கு வாக்காளராக முதலில் பதிந்துகொண்ட பெண் அவர்; அடிமை முறையை வெறுத்தவர்; கோழையல்லர். இருந்தும் முழு மறுப்பை அவரால் கொடுக்க முடியவில்லை. கார்மியரைப் புகழ்ந்து ஆல்காட்டைப் பழிப்பது எனக்கு உடன்பாடில்லை. பசித்தவனிடம் உறுதியை மட்டும் கேட்பது, உண்டவன் வழக்கம். எழுத்தாளனின் நேர்மை என்று நாம் வாய் கிழியப் பேசும் பொருளிலே ஒரு பங்கு, அவன் வீட்டு அரிசிப் பானையிலே இருக்கிறது.

இன்றைக்கும் இளையோர் நூல் எழுதுவோர் நிலை அதிகம் மாறிவிடவில்லை. பதிப்பகம் முன்பணம் தரும். பிறகு விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் விலையிலே பத்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ உரிமைப்பங்கு. அந்தப் பங்கு முன்பணத்தை நிரப்பிய பிறகே மேற்கொண்டு காசு. பலர் பள்ளிகளுக்குப் போய்ப் பேசியும், வகுப்பெடுத்தும், வேறு வேலை பார்த்தும் வாழ்கிறார்கள். புத்தகத்தை வாங்குவது இளைஞனல்லன். பள்ளி வாங்குகிறது, நூலகம் வாங்குகிறது, பெற்றோர் வாங்குகின்றனர். படிப்பவன் ஒருவன், பணம் கொடுப்பவர் வேறொருவர் என்ற இந்த அமைப்பிலேதான் ‘முடிவை மாற்று’ என்ற குரலின் வலிமை அடங்கியிருக்கிறது.

பெண்ணாக இருந்துவிட்டால் முடிவு மட்டுமா, பெயரையும் மாற்றவேண்டும். ஓக்லகோமா மாநிலத்து டல்சா நகரிலே, பதினைந்து வயது மாணவியாகத் தொடங்கி, தம் பள்ளிக்கூடத்து ஏழைப் பையன்களுக்கும் பணக்காரப் பையன்களுக்கும் நடந்த மோதலைக் கதையாக எழுதினார் சூசன் எலாய்ஸ் ஹின்டன். 1967இல் ‘தி அவுட்சைடர்ஸ்’ வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. ஆண் பையன்களின் கதையைப் பெண் எழுதினாள் என்றால் திறனாய்வாளர் ஒதுக்கிவிடுவர் என்று அஞ்சி, எஸ். இ. ஹின்டன் என்று முதலெழுத்துக்களை மட்டும் அட்டையிலே போட்டது பதிப்பகம். முப்பது ஆண்டு கழித்து 1997இல், இங்கிலாந்திலே, ஜே. கே. ரௌலிங் அவர்களுக்கும் அதே ஆலோசனை சொல்லப்பட்டது! கதை எழுதிக்கொண்டிருந்த ஆண்டிலே ஹின்டன் படைப்பெழுத்துப் பாடத்திலே தேறாக்குறையாக மதிப்பெண் வாங்கினார் என்பதை ஆசிரியத் தொழிலிலே இருக்கும் நான் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். புகழ் வந்தபின் பேனா ஓடாமல் நின்றுவிட்டது. நாளைக்கு இரண்டு பக்கம் எழுதினாலொழிய வெளியே போக முடியாது என்று காதலர் கட்டாயப்படுத்த, அப்படியே எழுதி 1971இல் அடுத்த நூலை முடித்தார். அருள் வந்து எழுதுவது, வாணி நாவிலே வந்து அமர்வது என்பதெல்லாம் எவ்வளவு வெறும் பேச்சு! நாளைக்கு இரண்டு பக்கம், அவ்வளவுதான் மந்திரம்.

இனி, எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு நிறுத்துவோம். பகுத்தறிவு பேசுவோர் எதிரியின் நொண்டி வாதத்தை மட்டும் பொறுக்கி எடுத்து அடிப்பது அழகன்று.

அவர்கள் கேட்பது இது. எல்லா இளைஞரும் ஒரே உள்ளத்தோடு படிப்பதில்லை. ஏற்கெனவே பள்ளியிலே அடிபட்டு, வீட்டிலே ஒதுக்கப்பட்டு, ஒரு நூலைப் பற்றிக்கொண்டு கரையேற நினைக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். அதன் கையிலே ‘எதிர்க்காதே, பயனில்லை’ என்று முடியும் நூலைக் கொடுத்தால், அது உண்மை கற்பித்ததாகுமா, மூழ்குகிறவன் தலையிலே கல்லை வைத்ததாகுமா? உண்மை என்ற பெயராலே கொடுமை செய்ய உனக்கு யார் உரிமை தந்தது?

பொல்லாத கேள்வி. மூடநம்பிக்கைக்காரன் கேள்வி என்று தள்ளமுடியாத கேள்வி. வகுப்பிலே நாற்பது முகங்களைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு, அந்த ஒரு பிள்ளை எந்த வரிசையிலே உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும். 1986இலே, புளோரிடா மாநிலத்துப் பள்ளியொன்றிலே கார்மியரின் மற்றொரு நூலைப் பெற்றோர் முறையீட்டின் மேல் வகுப்பிலிருந்து அகற்றினார்கள். எதிர்த்த ஆசிரியைகளுக்கு மிரட்டல் வந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ‘தி சாக்லெட் வார்’ வெளியாகி முப்பதாண்டு கழிந்த பின்னும், 2004இல், அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலிலே, அகற்றுமாறு அதிகமாகக் கோரப்பட்ட நூலாக அதுவே முதலிடத்தில் நின்றது. கோரியவர் எல்லோரும் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். அச்சம் சிலருக்கு அன்பின் உடையிலே வருகிறது.

ஆயினும் அவர்கள் சொல்லும் மருந்து செல்லாது. அடிபட்ட பிள்ளைக்குத் தான் அடிபட்டது தெரியும். உலகம் இனியது என்று எழுதிய நூலை அதன் கையிலே கொடுத்தால், அது இரண்டாம் முறை தனியாகிறது: ‘எனக்கு மட்டுந்தானா இப்படி?’ என்று. ஜெர்ரியின் கதையைப் படிக்கும்போது, தன் வலிக்கு ஒரு பெயர் உண்டு, அதை இன்னொருவன் கண்டிருக்கிறான் என்பதாவது அதற்குத் தெரியும். ஆனால் இந்த விடையும் பாதிதான். மறுபாதியை நான் வாதத்திலே காணவில்லை. கார்மியர் செய்த ஒரு செயலிலே கண்டேன்.

1977இல் வெளிவந்தது அவருடைய ‘ஐ ஆம் தி சீஸ்’. மேலே சொன்ன புளோரிடா வழக்குக்கு உள்ளான நூல். தன்னந்தனியான ஒரு பையனின் கதை. அதன் முடிவும் இருள்தான். அதிலே அந்தப் பையன் தன் தோழிக்குத் தொலைபேசியிலே பேசுவான். கதைக்கு ஒரு தொலைபேசி எண் வேண்டும். ஏதோ ஒரு பொய் எண்ணைப் போடுவது வழக்கம். கார்மியர் தம் வீட்டு எண்ணையே போட்டுவிட்டார். புத்தகத்தைப் படித்த பிள்ளைகள், உண்மையோ பொய்யோ என்று பார்க்க, அந்த எண்ணைச் சுழற்றினார்கள். மணி அடித்தது. மறுமுனையிலே எழுத்தாளர் எடுத்தார், பேசினார். ஆண்டுக்கணக்கிலே அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. 2000ஆம் ஆண்டு நவம்பரிலே மறையும் வரை அவர் எண்ணை மாற்றிக்கொண்டு ஒளியவில்லை.

கசப்பை உரைக்க எவனுக்கு உரிமை உண்டு என்ற கேள்விக்கு, இதைவிடத் தெளிவான விடையை நான் எந்தத் தத்துவ நூலிலும் படித்ததில்லை. சொல்லிவிட்டு ஓடுகிறவனுக்கு அந்த உரிமை இல்லை. சொன்ன பிறகு அழைத்தால் எடுக்கிறவனுக்கு உண்டு. மேடையிலே ஏறி, கடவுள் இல்லை, விதி இல்லை, வானத்திலிருந்து கை இறங்காது என்று இளைஞர்களுக்கு நாம் சொல்கிறோமே. சொன்ன மறுநாள் அவர்களுள் ஒருவன் வேலை இழந்து, வீடு துரத்தி, நம் வாசலிலே வந்து நின்றால் கதவைத் திறக்கிறோமா? பழைய நம்பிக்கை பொய்யாக இருக்கலாம். ஆனால் துன்பப்பட்டவன் போய் உட்கார அது ஒரு திண்ணை வைத்திருந்தது. திண்ணையை இடித்தவர்கள் வேறொரு திண்ணை கட்டியாக வேண்டும்.

சென்ற பருவத்திலே பத்தாம் வகுப்பிலே இந்தச் சாக்லெட்டுக் கதையைத் தமிழிலே சொன்னேன். முடிவைக் கேட்டு வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி எழுந்து, “அப்புறம் ஜெர்ரி என்ன ஆனான்?” என்றாள். அதே கேள்வியைத்தான் அமெரிக்கப் பிள்ளைகளும் கார்மியரைக் கேட்டுத் துளைத்தார்கள். பதினொரு ஆண்டு கழித்து, 1985இல், அவர் தொடர்ச்சியை எழுதினார் என்று சொன்னேன். அதிலும் ஆர்ச்சிக்குத் தண்டனை வரவில்லை, லியானும் வீழவில்லை. ஊரைவிட்டுப் போய் உடல் தேறிய ஜெர்ரி, அதே பள்ளிக்குத் திரும்பிப் போவதென்று முடிவு செய்கிறான்.

“தனியாகவா போறான்?” என்று கேட்டாள் அவள். அதற்கு மற்றப் பிள்ளைகள் விடை சொல்லட்டும் என்று நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.